தெற்குப் பக்கத்து விளக்குகள்

பீர் ஸமாரா
3 நவம்பர் 1985

அன்புள்ள ஹயாத் அக்காவுக்கு,

சலாம். நான் நலம். வயிற்றோடு ஒரு சமரசத்துக்கு வந்து ஹரிஸா மிளகாய் விழுதைப் பாதியாகக் குறைத்திருக்கிறேன். உன் மூட்டுவலி எப்படி இருக்கிறது? மச்சான் நலமா? நான் குடியிருக்கும் வாப்பா வீட்டுக் கூரை இந்த மழையையும் தாங்கிவிட்டது. இனி அடுத்த மழைதான் கவலை.

விஷயத்துக்கு வருகிறேன். ஏப்ரலில் ஹாலி வால்நட்சத்திரம் எங்கள் தெற்கு வானில், மலை விளிம்புக்குச் சற்றே மேலே தெரியப்போகிறது. எழுபத்தாறு வருடத்துக்கு ஒருமுறை வருகிற விருந்தாளி. எங்கள் வானியல் கழகம் குன்றின் மேல் இருக்கும் பழைய தண்ணீர்த்தொட்டிக் கட்டடத்தைப் பிடித்து, தொலைநோக்கிக் கண்ணாடியைத் தானே தேய்த்து, ஆய்வுக்கூடம் என்று பலகை மாட்டியது இதற்காகத்தான். கூரை சுரங்க வண்டிச் சக்கரங்களில் நகரும். அதைச் செய்தவன் சுரங்கப் பட்டறையில் வேலை பார்க்கும் கமீஸ். "ஊர்ல ஓடுற கூரை நம்மது ஒண்ணுதான் உஸ்தாத், மத்ததெல்லாம் ஒழுகுற கூரை" என்று வருகிறவர்கள் முன்னாலெல்லாம் இந்தப் பள்ளிக்கூட வாத்தியாரிடம் சொல்கிறான்.

ஒரே தொல்லை தெருவிளக்கு. கடைத்தெருவிலிருந்து பாஸ்பேட் சுரங்க வாசல் வரை, தெற்குப் பக்கம் முழுவதும் விளக்குகள் தெருவை விட்டுவிட்டு வானத்தை வெளிச்சம் போட்டுக் காட்டுகின்றன. அணைத்து வையுங்கள், இல்லையென்றால் மூடியாவது போடுங்கள் என்று நகராட்சிக்கு மூன்று மனு கொடுத்தோம். மூன்றாவதற்குப் பதில் வந்தது: "மேற்படி வால்நட்சத்திரம் நகராட்சி எல்லைக்குள் வசிக்காததால் அதன் பொருட்டு நடவடிக்கை எடுக்க இயலாது."

மாவட்ட அதிகாரிகளையெல்லாம் மேய்க்கிற அமைச்சகத்தில் மச்சான் உட்கார்ந்திருக்கும்போது நான் ஏன் நகராட்சி வாசலில் நிற்க வேண்டும்? ஒரு வார்த்தை சொல்லச் சொல். மனுவின் நகலை இத்துடன் வைத்திருக்கிறேன்.

மச்சானுக்கு என் சலாம்.

உன் தம்பி
மொன்ஜி

*

துனிஸ்
28 நவம்பர் 1985

அன்புத் தம்பி மொன்ஜிக்கு,

சலாம். நலம். மூட்டுவலியும் நலம், என்னைவிட நன்றாக நடமாடுகிறது. மௌலிதுக்குப் பைன்கொட்டைக் கூழ் செய்தேன். உனக்கும் ஒரு கிண்ணம் எடுத்துவைத்துவிட்டு, யாருக்கு என்று பிறகு யோசித்தேன்.

உன் மனுவை இரவுச் சாப்பாட்டின்போது மச்சானிடம் கொடுத்தேன். சிரித்தார். பிறகு மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டாவது முறை படித்தார். அப்போது சிரிக்கவில்லை. "சுரங்க வாசல் வரைக்குமா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். "அவங்களாவே கேக்கிறாங்களா?" என்றார். அதற்கும் ஆமாம் என்றேன்.

கழகத்தார் எல்லோருடைய கையெழுத்தும் முகவரியும் போட்டு இன்னொரு மனு வேண்டுமாம். அனுப்பி வை. முகவரி எதற்கு என்று நான் கேட்கவில்லை. இந்த வீட்டில் எதற்கு என்று கேட்கிற வழக்கம் இல்லை.

வேளைக்குச் சாப்பிடு.

உன் அக்கா
ஹயாத்

*

பீர் ஸமாரா
10 ஜனவரி 1986

அன்புள்ள அக்காவுக்கு,

சலாம். இங்கே குளிர் எலும்பைப் பிடிக்கிறது. மற்றபடி நலம், மகா நலம். அங்கே இருவரும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். மச்சானின் கையை என் சார்பில் முத்தமிடு.

விளக்கை அணைத்துவிட்டார்கள்! புதிதாக வந்திருக்கும் வட்டார அதிகாரி ஃபௌஸி என்பவர் பதவியேற்ற வாரமே செய்த முதல் காரியம் இதுதான். மூடி கேட்டோம், இருட்டே கிடைத்தது. அரசாங்கம் கேட்டதற்கு மேல் கொடுத்ததை நான் பிறந்ததிலிருந்து பார்த்ததில்லை. நகராட்சிக் கதவில் அறிவிப்பு ஒட்டியிருக்கிறது: "வானியல் கழகத்தின் வேண்டுகோளுக்கு இணங்க." எங்கள் செயலாளர் நைலா, மருந்துக்கடையில் வேலை பார்க்கிறாளே அவள், அதைப் படம் பிடித்துச் சட்டம் போட வேண்டும் என்கிறாள்.

தேநீர்க்கடை வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தபடியே கார்த்திகை நட்சத்திரக் கூட்டத்தை எண்ணலாம். முடிவெட்டுகிற தாஹர் மட்டும் முணுமுணுத்தார். "என்ன உஸ்தாத், நேத்து கால் தடுக்கிச் சாக்கடையில விழுந்தேன்."

"கண்ணுக்கு இருவது நிமிஷம் குடுங்க, பழகிடும்" என்றேன்.

"சாக்கடை இருவது நிமிஷம் காத்திருக்குமா?"

சுரங்க வாசலில் தொழிலாளர்கள் கூடாரம் போட்டு உட்கார்ந்திருக்கிறார்கள். புதிதாக எடுத்த ஆட்கள் எல்லோரும் மேலாளருக்கு மாமன் மச்சானாக அமைந்துவிட்டார்களாம். கமீஸும் பகலில் அங்கே, மாலையில் எங்களோடு. காவல் வண்டிகள் ராத்திரியில் முன்விளக்குப் போடாமல் போகின்றன. ஏன் என்று ஓர் ஓட்டுநரைக் கேட்டேன். "உங்க தொலைநோக்கிக்குத் தொந்தரவா இருக்கக் கூடாதுன்னு மேலிடத்து உத்தரவு" என்றான். ஓட்டுநர் வரை அறிவியல் இறங்கிவிட்டது, அக்கா.

மச்சானுக்கு நன்றிக் கடிதம் தனியே எழுதுகிறேன்.

மகிழ்ச்சியில் இருக்கும் தம்பி
மொன்ஜி

*

துனிஸ்
24 ஜனவரி 1986

மொன்ஜி,

சலாம். நலம். நீயும் நலமாக இரு.

மச்சானுக்கு நன்றிக் கடிதம் எழுதாதே. எழுதியிருந்தால் இன்னொன்று எழுதாதே.

அந்த அறிவிப்பில் கழகத்தின் பெயர் இருந்துதான் ஆக வேண்டுமா? பிப்ரவரியில் வால்நட்சத்திரம் சூரியனுக்குப் பின்னால் போய்விடும் என்று நீதானே சொன்னாய். அந்த மாதம் மட்டுமாவது விளக்கைப் போடச் சொல்லிக் கேள். நீயாகக் கேட்டதாக இருக்கட்டும்.

இனி வீட்டு முகவரிக்கு எழுதாதே. நான் வேலை பார்க்கும் பள்ளிக்கு எழுது. இதுவரை என் கடிதங்களை மச்சானின் ஓட்டுநர் தபாலில் சேர்ப்பார். இதை நானே சேர்க்கிறேன். அஞ்சலகம் தூரமில்லை, நடந்தால் மூட்டுக்கும் நல்லது.

விடுமுறைக்கு இங்கே வந்து இரேன்.

ஹயாத்

*

பீர் ஸமாரா
16 பிப்ரவரி 1986

அன்புள்ள அக்காவுக்கு,

சலாம். உடம்பு நலம். நீ நடக்க ஆரம்பித்தது நல்ல செய்தி.

நீ சொன்னபடி ஃபௌஸியைப் பார்த்தேன். காப்பி வரவழைத்தார். "இந்த மாசம் வால்நட்சத்திரம் தெரியாதுங்க, விளக்கைப் போட்டுக்கலாம்" என்றேன்.

"அட என்ன உஸ்தாத், அறிவியலுக்காக ஜனங்க ஒரு தியாகம் பண்றாங்க. அதைப் பாதியில விடலாமா? ஏப்ரல்ல நல்ல இருட்டு வேணுமே உங்களுக்கு. இப்பவே ஊர் பழகட்டும்."

வாசல் வரை கூட வந்து வழியனுப்பினார். தோளில் கை போட்டிருந்தார். கை கனமாக இருந்தது.

உனக்கு எழுதலாமா என்று யோசித்தேன், எழுதுகிறேன். கூடாரத்திலிருந்து வீட்டுக்குக் கிளம்பிய மூன்று பேர் வீடு போய்ச் சேரவில்லை. காவல் நிலையத்தில் கேட்டால் அப்படி யாரும் இங்கே இல்லை என்கிறார்கள். தெருவில் யாராவது பார்த்தீர்களா என்று கேட்டால், இருட்டில் என்ன தெரியும் என்கிறார்கள். சரியான பதில்தான். இருபது நிமிடத்தில் கண் பழகிவிடும் என்று சொன்ன என்னிடமே சொல்கிறார்கள்.

நேற்று மளிகைக்கடையில் வரிசையில் நின்றேன். முன்னால் இருந்தவர் திரும்பிப் பார்த்துவிட்டு விலகி வழிவிட்டார். "உஸ்தாத் முதல்ல வாங்கட்டும்பா. அவர் கேட்டா மேல இருக்கிறவங்களே குடுக்கிறாங்க, நாம குடுக்கமாட்டமா?" யாரும் சிரிக்கவில்லை. எனக்குச் சர்க்கரை வேண்டாமென்று வந்துவிட்டேன்.

கமீஸைக் கூடாரத்துக்குப் போகாதே என்றேன். "கூரை செஞ்சப்போ 'போடா போ, நீதான் சரியான ஆளு'ன்னீங்க. இப்ப வாசல்ல உக்கார்றதுக்கு நான் சரியில்லாத ஆளா?" என்கிறான்.

மச்சானுக்குச் சலாம் சொல்வதா வேண்டாமா என்று நீயே முடிவு செய்.

மொன்ஜி

*

பீர் ஸமாரா
2 மார்ச் 1986

அக்கா,

சலாம். போன கடிதத்துக்குப் பதில் வரவில்லை. உடம்பு சரியில்லையா?

கமீஸைக் கொண்டுபோய்விட்டார்கள். கூடாரத்திலிருந்து அல்ல, அவன் வீட்டு வாசலிலிருந்து. அவன் மனைவி ஸுஹ்ரா என்னிடம் வந்தாள். உள்ளே வரச் சொன்னேன், வரவில்லை.

"செருப்பு மாட்டிட்டு இருந்தாரு. வண்டிச் சத்தம் கேட்டுச்சு. நான் வெளிய வர்றதுக்குள்ள கதவு சாத்துற சத்தம். எத்தனை பேரு, யாரு, எந்த வண்டி, ஒண்ணும் தெரியல. நிலையத்துல போய்க் கேட்டா 'யாரைப் பாத்தே, பேரு சொல்லு'ங்கிறான். என்னன்னு சொல்ல உஸ்தாத்? என் வாசலுக்கு நேரா ஒரு விளக்கு இருந்துச்சு. அதை யாரு அணைச்சது?"

கேட்டுவிட்டுப் போய்விட்டாள். மனுவில் கமீஸின் கையெழுத்தும் இருந்தது. முகவரியோடு.

மச்சானிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டுச் சொல். கமீஸ் எங்கே? வேறெதுவும் உன்னிடம் கேட்கமாட்டேன்.

மொன்ஜி

*

துனிஸ்
12 மார்ச் 1986

அன்புத் தம்பிக்கு,

சலாம். இங்கே மழை விட்டுவிட்டது. ஆரஞ்சு மலிவாக வருகிறது. எனக்கு இருமல் இருந்தது, இப்போது தேவலாம்.

கேட்டேன். அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். தொடர்ந்து சாப்பிட்டார். கேட்டது காதில் விழவில்லையோ என்று இன்னொரு முறை கேட்டேன். உப்பை எடுத்துத் தரச் சொன்னார். தந்தேன்.

மொன்ஜி, மனுவைத் திரும்பப் பெறுகிறேன் என்று எங்கும் எழுதிக் கொடுத்துவிடாதே. கூட்டம் போடாதே. இப்போது உன்னை அவர்கள் தங்கள் ஆள் என்று நினைக்கிறார்கள். கொஞ்ச நாள் அப்படியே நினைக்கட்டும். இது நான் சொல்லக்கூடிய பேச்சா என்று நீ கேட்கலாம். எனக்குத் தம்பி ஒருவன்தான்.

பஸ் பிடித்து வந்துவிடு. பள்ளிக்கு வா, வீட்டுக்கு வேண்டாம்.

ஹயாத்

*

பீர் ஸமாரா
25 மார்ச் 1986

அன்புள்ள அக்காவுக்கு,

சலாம். நலம். நீ இருமலுக்குத் தேன் சாப்பிடு.

நான் வரவில்லை. நீ கோபிப்பாய். ஆனால் ஸுஹ்ராவின் வாசலைத் தாண்டித்தான் பஸ்ஸுக்குப் போக வேண்டும்.

கழகக் கூட்டம் போட்டோம். உலகத்தில் எந்த வானியல் கழகமும் இப்படி ஒரு தீர்மானம் போட்டிருக்காது என்று நினைக்கிறேன்: "ஊரில் வெளிச்சம் போதாது." நைலா அதை எழுதும்போது பேனாவை உதறி உதறி எழுதினாள். மனுவைத் திரும்பப் பெற்றோம். நகராட்சி எங்கள் கடிதத்தை வாங்க மறுத்தது. தெருவிளக்கு அவர்கள் கையில், வீட்டு வாசல் விளக்கு அவரவர் கையில். அதனால் வீடு வீடாகப் போனோம்.

எங்கள் தெரு ஹலீமா மாமி கதவைத் திறந்து என்னை மேலும் கீழும் பார்த்தார். "ஆறு வருஷமா வாசல் விளக்கை அணைங்க மாமி, அணைங்க மாமின்னு உயிரை எடுத்தே. இப்ப ஏத்துங்கிறே. உன் கண்ணுக்கு என்ன கேடு?"

"கண்ணு நல்லாத்தான் இருக்கு மாமி. பார்த்தது வேற பக்கம்."

"மின்கட்டணம் யாரு, அந்த வால்நட்சத்திரம் கட்டுமா?" என்றார். சொல்லிக்கொண்டே விளக்கைப் போட்டார்.

முதல் மாலை எங்கள் தெருவில் நான்கைந்து. இப்போது கமீஸ் வீட்டுத் தெரு முழுவதும். குன்றிலிருந்து பார்த்தால் தெற்கு வானம் பாழாகிவிட்டது. நான் இதைச் செய்தேன் என்று நினைத்தால் ஒரு மாதிரியாகத்தான் இருக்கிறது.

ஃபௌஸி கூப்பிட்டு அனுப்பினார். இந்த முறை காப்பி இல்லை. "உங்க வால்நட்சத்திரம் வர்ற நேரத்துல நீங்களே கெடுக்கிறீங்களே உஸ்தாத்? எழுவத்தாறு வருஷம் கழிச்சுதானே மறுபடி வரும்?"

"வரும்னு தெரியுது இல்லையா? கமீஸ் எப்ப வருவான்னு நீங்க ஒரு தேதி சொல்லுங்க. எழுவத்தாறு வருஷம்னாலும் குறிச்சு வச்சுக்கறேன்."

அவர் எழுந்து நின்றார். நானும் எழுந்தேன். அவ்வளவுதான் நடந்தது.

பயப்படாதே. பெரும்பாலான மாலைகளில் குன்றில் நாலு பேரோடுதான் இருக்கிறேன். வியாழன் மட்டும் வீட்டில், பரீட்சைத் தாள்களோடு. அந்தத் தாள்களைப் பார்த்தால் உனக்கும் வேறு பயம் எதுவும் தோன்றாது.

உன் தம்பி
மொன்ஜி

*

துனிஸ்
5 ஏப்ரல் 1986, சனி

மொன்ஜி,

வியாழக்கிழமை வீட்டில் இருக்காதே.

நேற்று அவர் நல்ல மனநிலையில் இருந்தார். எனக்குத் தேநீர் ஊற்றிக் கொடுத்தார். அவர் ஊற்றிக் கொடுத்து வருடக்கணக்காகிறது. "உன் தம்பிகிட்ட ஆள் அனுப்பி நேராப் பேசிடலாம்னு இருக்கேன். தேவையில்லாத மனஸ்தாபம் எதுக்கு? அவன் எப்ப வீட்ல இருப்பான்?" என்றார். வியாழக்கிழமை என்று சொல்லிவிட்டேன். தேநீர்க் கோப்பை கையில் இருந்தது, சொல்லிவிட்டேன். ஒருவேளை கமீஸைப் பற்றிப் பேசத்தானோ என்று ஒரு நொடி நினைத்தேன். அவர் "நல்லது" என்று சொல்லித் தொலைபேசி இருந்த அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினார்.

அவர் வெறுமனே பேசத்தான் ஆள் அனுப்புகிறாரென்றால் நான் ஒரு பைத்தியக்காரி. அப்படியே இருக்கட்டும். வியாழன் அன்று குன்றில் இரு, எல்லோரும் இருக்கும்போது இரு, தனியாக இறங்காதே. முடிந்தால் இந்தக் கடிதம் கிடைத்த உடனே கிளம்பி வேறெங்காவது போ.

கடிதம் நாலு நாளில் வந்துவிடும், எப்போதும் நாலு நாள்தான். பெரிய அஞ்சலகத்தில் என் கையாலேயே போடுகிறேன்.

ஹயாத்

*

பீர் ஸமாரா
14 ஏப்ரல் 1986

மதிப்புக்குரிய ஹயாத் அக்காவுக்கு,

சலாம். நான் நைலா, வானியல் கழகச் செயலாளர். நாம் பார்த்ததில்லை. உங்கள் தம்பி உங்களைப் பற்றி நிறையச் சொல்வார். நீங்கள் நலமாக இருக்க வேண்டும்.

உங்கள் கடிதம் பன்னிரண்டாம் தேதி சனிக்கிழமை வந்தது. உறை முன்பே திறந்து மறுபடி ஒட்டப்பட்டிருந்தது. வாங்க அவர் இல்லாததால் தபால்காரர் என்னிடம் கொடுத்தார். நான் படித்தேன். மன்னியுங்கள்.

வியாழன் மாலை அவர் வீட்டில்தான் இருந்தார். வண்டி முன்விளக்கு இல்லாமல் வந்தது, வழக்கம்போல. ஆனால் தெருவில் எல்லா வாசலிலும் விளக்கு எரிந்தது. ஹலீமா மாமி வாசலில் நின்று, "யாருப்பா நீங்க, முகத்தை இப்படித் திருப்புங்க, எங்க பாத்த மாதிரி இருக்கே" என்று சத்தம் போட்டார். பக்கத்து வீட்டார் வெளியே வந்தார்கள். வண்டியில் வந்தவர்கள் நான்கு பேர். ஃபௌஸி அவர்களின் ஓட்டுநரும் ஒருவன். வண்டியின் எண்ணைத் தாஹர் சத்தமாகப் படித்தார், தெரு திருப்பிச் சொன்னது. உங்கள் தம்பி கையில் சிவப்புப் பேனா இருந்தது. அதை மேல்சட்டைப் பையில் செருகிக்கொண்டு, தாள்களை என்னிடம் கொடுக்கச் சொல்லிவிட்டு ஏறினார். அவர்களால் தள்ளக்கூட முடியவில்லை, அத்தனை பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

கமீஸைப் பற்றிக் கேட்டபோது நிலையத்தில் "அப்படி யாரும் இல்லை" என்றார்கள். உஸ்தாதைப் பற்றி, அத்தனை பேரும் போய் வண்டி எண்ணைச் சொல்லிக் கேட்டபோது, "விசாரணையில் இருக்கிறார்" என்றார்கள். எங்கள் ஊரில் இது முன்னேற்றம். எங்கே என்று மட்டும் சொல்லவில்லை.

மறுநாள் வெள்ளி, வால்நட்சத்திரக் காட்சிக்கு ஊரை அழைத்திருந்தோம். நிறுத்திவிடலாமா என்று பேசினோம். நிறுத்தவில்லை. விளக்குகளையும் அணைக்கச் சொல்லவில்லை. கூட்டம் குன்றின் அடி வரை நின்றது. மலை விளிம்புக்கு மேலே, வெளிச்சத்தில் பாதி கரைந்து, விரல் பட்டுக் கலைந்த சுண்ணாம்புத் தீற்றல் மாதிரி இருந்தது. வால் என்று சொல்ல எதுவுமில்லை. ஒவ்வொருவராகப் பார்த்தார்கள், நகர்ந்தார்கள்.

ஸுஹ்ராவும் வந்திருந்தாள். தொலைநோக்கியில் வெகுநேரம் கண்ணை எடுக்கவில்லை. பின்னால் நின்றவர்கள் யாரும் அவசரப்படுத்தவில்லை. பிறகு என்னைப் பார்த்து, "இவ்வளவுதானா?" என்றாள்.

"இவ்வளவுதான்" என்றேன்.

உங்கள் தம்பி வீட்டு வாசல் விளக்கை நாங்கள் முறைபோட்டு ஏற்றுகிறோம். சாவி என்னிடம் இருக்கிறது. என்ன செய்ய வேண்டும் என்று நீங்கள் சொல்லுங்கள்.

நைலா

*

துனிஸ்
19 ஏப்ரல் 1986

அன்புள்ள நைலாவுக்கு,

சலாம். உன் கடிதம் பள்ளிக்கு வந்தது. நான் நலமாக இருக்க வேண்டும் என்று எழுதியிருக்கிறாய். உனக்கு என்ன எழுதுவது என்று தெரியவில்லை.

சாவியை வைத்திரு. திங்களன்று வருகிறேன். ஒரு பெட்டிதான், யாரும் பஸ் நிலையத்துக்கு வர வேண்டாம். வந்ததும் முதலில் ஸுஹ்ரா வீட்டுக்குப் போக வேண்டும். அவள் உள்ளே விடுவாளா என்று தெரியாது, வாசலில் நிற்கிறேன். பிறகு அவளும் நானும் நிலையத்துக்குப் போகிறோம். அமைச்சகத்து அதிகாரியின் மனைவி என்று என் பெயரை முழுதாகச் சொல்லிக் கேட்கிறேன், இருவரையும் எங்கே வைத்திருக்கிறீர்கள் என்று. நாற்காலி போடுவார்களோ, வெளியே தள்ளுவார்களோ, பார்க்கலாம்.

பெட்டியை அடுக்கும்போது என் கணவர் வந்து அறை வாசலில் நின்றார். எங்கே, எத்தனை நாள் என்று கேட்டார். வாப்பா வீட்டுக்கு என்றேன். "எப்ப பாக்கலாம் உன்னை?" என்றார், சிரித்தபடி.

வியாழக்கிழமை மாலையில் வீட்டில் இருப்பேன் என்று சொல்லிவிட்டேன். வாசலில் விளக்கு எரியும் என்றும் சொன்னேன்.

ஹயாத்